கழுநீர்ப் பானை இருந்த கொல்லைப்புறம்

நம் இளமைக்காலத்தில் கிராமத்து வீடுகளின் கொல்லைப்புறத்தில் கழுநீர்ப் பானை ஒன்று தவறாமல் இருந்தது அன்பர்களுக்கு நினைவிருக்கும். அரிசி களைந்த நீர், எஞ்சிய கஞ்சி, காய்கறித் தோல் யாவும் அதில் சேரும். மாலையில் தவிடும் புண்ணாக்கும் கலந்து பசுவுக்கு வைப்பார்கள். இரவில் மிஞ்சிய சோறோ அந்தப் பானைக்குச் செல்லாது. நீர் ஊற்றி வைக்கப்பட்டு, விடிந்ததும் நீராகாரமாகவும் பழையதாகவும் வீட்டார் வயிற்றுக்கே செல்லும். அதிலும் மிஞ்சினால் உப்பும் மிளகாயும் சேர்த்துப் பிசைந்து, வெயிலில் வடகமாகக் கிள்ளி வைப்பார்கள்.

அன்னத்தைப் பழியாதிருத்தலைத் தைத்திரீய உபநிடதம் ஒரு விரதமாகவே விதிக்கிறது. என் பாட்டி அதனைப் படித்தவர் அல்லர். எனினும், தரையில் சிந்திய பருக்கை காலில் பட்டுவிட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். காஞ்சி மகாசுவாமிகள் வலியுறுத்திய பிடியரிசித் திட்டமும் இத்தகைய வீடுகளை நம்பியே எழுந்தது. உலை வைக்குமுன் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைக்கும் கை, அளவறியாமல் அரிசி போடாது.

இன்று பல வீடுகளில் பசுவும் இல்லை, பானையும் இல்லை. மிஞ்சியது முதலில் குளிர்பதனப் பெட்டியில் மூன்று நாள் இருக்கும். பிறகு நெகிழிப் பையில் முடிந்து குளக்கரைக்குப் போகும். தெருவில் திரியும் மாடுகள் பையோடு அதை விழுங்குகின்றன.

பிறரைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் தெருக் கோயில் அன்னதானத்தில் மிஞ்சிய சோற்றையும் சர்க்கரைப் பொங்கலையும், கோமாதாவுக்கு அளிப்பது புண்ணியம் என்றெண்ணி, ஒரு கூடை நிறைய அண்டை வீட்டுப் பசுவின்முன் வைத்தவன் நான். மறுநாள் காலை அதனால் எழ இயலவில்லை. வயிறு உப்பி, அசைபோடாமல், தலை சாய்த்துக் கிடந்தது. வெந்த அரிசி மாட்டின் முதல் இரைப்பையில் விரைந்து புளித்து அமிலமாகிவிடும் என்றும், பொங்கல் நாட்களில் இவ்வாறே மாடுகள் இறப்பதுண்டு என்றும் கால்நடை மருத்துவர் விளக்கினார். கழுநீரில் தவிட்டோடு கலந்து செல்லும் சிறிது கஞ்சி வேறு. கூடைச் சோறு வேறு. பாட்டிக்கு அந்த அளவு தெரிந்திருந்தது.

இரண்டு நாள் சிகிச்சைக்குப் பின் பசு பிழைத்தது. அதன் சொந்தக்கார அம்மாள் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் எனக்கு மிகவும் உறுத்தியது.

அடுத்த ஆண்டு முதல் எங்கள் கோயிலில் இரண்டாம் உலையை முதல் பந்தி எழுந்த பிறகே வைக்கிறோம். பரிமாறுபவர் கரண்டியைச் சாய்க்குமுன், “இன்னும் வேண்டுமா?” என்று கேட்கிறார். கடைசிப் பந்திக்கு வருபவர்கள் சற்றே காத்திருக்க வேண்டியுள்ளது. இதுவரை எவரும் கோபித்துக்கொண்டு எழுந்து போனதில்லை.