மயக்க மருந்துக்கு முன் ஒரு இன்ச் டேப்

பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கு வந்த பருமனான நோயாளியின் கழுத்தை, மயக்க மருந்து டாக்டர் இன்ச் டேப்பால் அளக்கிறார். வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டச் சொல்கிறார். குறட்டை உண்டா என்று மனைவியிடம் கேட்கிறார். வயிற்று ஆபரேஷனுக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம்?

முழு மயக்கம் கொடுத்துத் தசைகளைத் தளர்த்தியதும் மூச்சு நின்றுவிடும். உடனே குரல்வளை வழியாக மூச்சுக்குழாய்க்குள் டியூபைச் செலுத்தியாக வேண்டும். முன்கூட்டியே மாஸ்க் வைத்து ஆக்சிஜன் ஏற்றியிருந்தால், சாதாரண எடையுள்ளவர் ஆறு நிமிடமாவது தாக்குப்பிடிப்பார். மிகப் பருமனானவருக்கு 3 நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. படுத்ததுமே வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளுவதால், நுரையீரலில் தங்கும் காற்று குறைந்துவிடுகிறது. அந்தக் குறுகிய நேரத்தில் தடுமாறினால் உயிருக்கே ஆபத்து.

நாக்கை நீட்டச் சொல்லும் சோதனைக்கு மல்லம்பட்டி என்று பெயர். ஆந்திராவில் பிறந்து அமெரிக்காவின் பாஸ்டனில் பணியாற்றிய சேஷகிரி ராவ் மல்லம்பட்டி, 210 நோயாளிகளிடம் சோதித்து 1985-இல் வெளியிட்டது அது. உள்நாக்கும் தொண்டையின் பின்சுவரும் தெரிந்தால் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. நாக்கு எல்லாவற்றையும் மறைத்தால் எச்சரிக்கை.

எடை அதிகமானால் டியூப் செலுத்தும் சிரமமும் அதிகம் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஸ்டான்போர்டில் மிகப் பருமனான 100 பேரை ஆராய்ந்து 2002-இல் வெளியான முடிவு வேறாக இருந்தது. எடையோ பி.எம்.ஐ. எண்ணோ சிரமத்தைக் காட்டிக்கொடுக்கவில்லை. பருத்த கழுத்தும் மோசமான மல்லம்பட்டி நிலையும்தான் காட்டின. கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ. என்றால் சிரமத்துக்கான வாய்ப்பு சுமார் 5 சதவீதம், 60 செ.மீ. என்றால் 35 சதவீதம். இடுப்பிலும் தொடையிலும் சதை போட்ட 120 கிலோக்காரருக்கு டியூப் எளிதாக இறங்கலாம். அதே எடை கழுத்தில் திரண்டிருந்தால் கதை வேறு.

ஆனாலும் எந்தச் சோதனையையும் முழுதாக நம்ப முடியாது. டென்மார்க்கில் எல்லா எடையினரையும் சேர்த்து 1,88,064 நோயாளிகளின் பதிவுகளை அலசி, 2015-இல் ஓர் ஆய்வு வெளியானது. டியூப் செலுத்தச் சிரமப்பட்ட 3,391 பேரில் 93 சதவீதத்தினரிடம் அந்தச் சிரமத்தை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. எனவே கணிப்பு எதுவானாலும் ஏற்பாட்டில் குறை வைக்கக் கூடாது. பருமனானவருக்குத் தோளுக்கும் தலைக்கும் அடியில் அணை கொடுத்து, காதுத்துளையும் மார்பெலும்பின் மேல்குழியும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை உயர்த்துகிறார்கள். குரல்வளையைத் திரையில் காட்டும், கேமரா பொருத்திய வீடியோ லாரிங்கோஸ்கோப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சிரமம் உறுதி என்றால், தொண்டையை மட்டும் மரத்துப்போக வைத்து, நோயாளி விழித்திருக்கும்போதே டியூப் செலுத்துவதும் உண்டு.

குறட்டையைச் சொல்லப் பலர் கூச்சப்படுகிறார்கள். குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, பருமனானவரின் தொண்டை மயக்கத்தில் எளிதில் அடைபடும் என்பதற்கான முக்கிய அறிகுறி. பக்கத்தில் படுப்பவருக்குத்தான் அது தெரியும். அவரையும் அழைத்துச் செல்லுங்கள். முந்தைய ஆபரேஷனில் டியூப் செலுத்தச் சிரமப்பட்டதாக டாக்டர் சொல்லியிருந்தால், அந்த டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் கொண்டுபோய்க் காட்டுங்கள்.