போரோபுடூர் போகிறீர்களா? காலணியைக் கழற்றத் தயாராகுங்கள்!

இந்தப் பள்ளி விடுமுறைக்கு யோக்யகர்த்தா போகத் திட்டமா? அப்படியென்றால் போரோபுடூர் உங்கள் பட்டியலில் கண்டிப்பாக இருக்கும். ஆனால், நுழைவுச்சீட்டு வாங்கிய எல்லாரும் அதன்மேல் ஏறிவிட முடியாது என்பது பலருக்கு அங்கே போன பிறகுதான் தெரிகிறது.

வானொலியில் பயணம் பற்றிப் பேசும்போதெல்லாம் நேயர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான்: “இவ்வளவு தூரம் போய், காசும் கட்டிய பிறகு ஏன் ஏற விடமாட்டேன் என்கிறார்கள்?”

நியாயமான கேள்விதான். அதற்கான பதில் அந்தக் கற்படிகளில் இருக்கிறது.

தேயும் படிகள்

9-ஆம் நூற்றாண்டில் சைலேந்திர மன்னர்கள் காலத்தில் எழுந்த பௌத்தச் சின்னம் இது. எரிமலைக் கற்களைச் சாந்து பூசாமல் ஒன்றோடொன்று பொருத்திக் கட்டியிருக்கிறார்கள். ஆறு சதுரத் தளங்கள், அவற்றின்மேல் மூன்று வட்டத் தளங்கள், 72 சிறு தூபிகள், 2,672 சிற்பப் பலகைகள்.

மண்ணும் காடும் மூடிக் கிடந்த இதை 1814-இல் ஆள் அனுப்பித் துப்புரவாக்கச் செய்தவர், அப்போது ஜாவாவை நிர்வகித்த ராஃபிள்ஸ். ஐந்து ஆண்டுகள் கழித்துச் சிங்கப்பூரில் கால் வைத்த அதே ராஃபிள்ஸ்தான். பின்னர் 1970-களில் யுனெஸ்கோ துணையோடு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கற்களைப் பிரித்து, திரும்ப அடுக்கி, 1983-இல் பணியை முடித்தார்கள்.

மழை, நிலநடுக்கம், 2010-இல் மெராப்பி கொட்டிய சாம்பல் எல்லாவற்றையும் தாங்கிய கல்லுக்கு நம் காலணிதான் பெருந்தொல்லை. அதன் அடியில் ஒட்டிவரும் மணல், உப்புத்தாள் போலப் படியைத் தேய்க்கிறது. ஒருவர் நடந்தால் ஒன்றும் ஆகாது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் நடந்தால் படியின் நடுப்பகுதி குழிந்துவிடுகிறது.

அதனால்தான் 2020-இல் பெருந்தொற்றுக்காக மூடிய மேல்தளங்களை 2023-இல் திறந்தபோது புதிய விதிகள் வந்தன. ஒரு நாளைக்கு 1,200 பேர் மட்டும். வழிகாட்டி கட்டாயம். சொந்தக் காலணிக்குப் பதில் ‘உபானத்’ எனும் பின்னல் செருப்பு. அதைச் செய்வது சுற்றுவட்டாரக் கிராம மக்கள். நாம் வீட்டுக்கே கொண்டுவந்துவிடலாம். எனக்கு அது பிடித்த ஏற்பாடு. கல்லும் பிழைக்கிறது, ஊராருக்கும் வருமானம்.

விலையா, வரிசையா?

இதற்கு முன் வேறொரு யோசனையும் வந்தது. 2022 ஜூனில், மேலே ஏற வெளிநாட்டவருக்கு 100 அமெரிக்க டாலர், உள்நாட்டவருக்கு 750,000 ரூபியா எனக் கட்டணம் அறிவித்தார்கள். அந்த 750,000 ரூபியா அப்போது நம் காசுக்கு 200 ரிங்கிட்டுக்கு மேல். எதிர்ப்பு கிளம்பியதும் அதைக் கைவிட்டார்கள். நல்லதாயிற்று. கூட்டத்தைக் குறைக்க விலையை ஏற்றினால், குறைவது கூட்டம் மட்டுமல்ல. பக்கத்து ஊர் விவசாயியின் பிள்ளையும் வெளியே நின்றுவிடும். எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தால் பணக்காரரும் காத்திருக்க வேண்டும், ஏழைக்கும் இடம் உண்டு.

ஏறவே விடாமல் பூட்டிவிடலாமே என்போரும் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. கிழக்கு வாயிலில் தொடங்கி வலமாகச் சுற்றி, சிற்பங்களைப் பார்த்துக்கொண்டே மேலேற வேண்டும் என்றுதான் இதைக் கட்டினார்கள். கீழே நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்புவது, கோபுரத்தைப் பார்த்துவிட்டுச் சாமியைப் பார்க்காமல் வருவது போலத்தான்.

யார் சொல்லியிருக்க வேண்டும்?

சென்ற ஆண்டு நான் போனபோது, கிள்ளானிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைச் சந்தித்தேன். முகவர் அவர்களுக்கு எடுத்துக் கொடுத்தது வளாகத்துக்கான சீட்டு மட்டும். மேலே ஏற அன்று இடமில்லை. “இதுக்காகத்தான் அம்மாவ கூட்டிட்டு வந்தேன்,” என்றார் மகள். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. நிழலில் உட்கார்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பத்துக்கு அந்த ஏமாற்றம் வந்தது விதியால் அல்ல. விதியை யாரும் முன்கூட்டியே சொல்லாததால்.

போகும் முன்...

• வளாகத்துக்கு ஒரு சீட்டு, மேலே ஏற வேறொரு சீட்டு. எது உங்கள் கையில் இருக்கிறது என்று முகவரிடம் கேளுங்கள்.

• விமானச் சீட்டு உறுதியானதும் ஏறும் நேரத்தை இணையம்வழி முன்பதிவு செய்யுங்கள். எண்ணிக்கை வரம்பும் கட்டணமும் மாறக்கூடும். அப்போதைய நிலவரத்தைப் பாருங்கள்.

• தூபிக்குள் கைவிட்டுப் புத்தரைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்று யாராவது சொல்வார்கள். பிள்ளைகளைத் தொட விடாதீர்கள்.

• முட்டி வலி உள்ள பெரியவர்கள் இருந்தால் முன்பே யோசியுங்கள். படிகள் செங்குத்தானவை.