ஓஆர்எஸ் பாக்கெட்டை கையில கொடுத்தா மட்டும் போதுமா?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

எம்பிபிஎஸ் படிச்ச ஒருத்தருக்குக் குழந்தைகளோட சளி, காய்ச்சல், வயித்துப்போக்கு எல்லாம் பார்க்கத் தெரிஞ்சிருக்கும்தானே? இன்னைக்கு அதைப் பத்திதான் பேசப்போறோம். என் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஹவுஸ் சர்ஜனா குழந்தைகள் ஓபியில உட்கார்ந்த முதல் வாரம். பத்து மாசக் குழந்தையோட ஒரு அம்மா வந்தாங்க. ரெண்டு நாளா வயித்துப்போக்கு. கண்ணு குழி விழல. வயித்துத் தோலைக் கிள்ளி விட்டா உடனே பழையபடி ஆயிடுச்சு. நீரிழப்பு இல்லைன்னு சரியாத்தான் முடிவு பண்ணேன். ஓஆர்எஸ், ஜிங்க் மாத்திரை எழுதி, "கலக்கிக் கொடுங்கம்மா"ன்னு அனுப்பிட்டேன். வெளியே நீளமான வரிசை.

மறுநாள் திரும்பி வந்தாங்க. குழந்தை தாகத்துல தவிக்குது, தொட்டாலே கத்துது. பிஜி மேடம் கேட்டது ஒரே கேள்விதான்: "எவ்வளவு தண்ணியிலம்மா கலந்தீங்க?"

"பால் பாட்டில் நிறைய தண்ணி ஊத்தி, பாக்கெட்டை முழுசா போட்டேன் மேடம்."

1 லிட்டருக்கான உப்பு, கால் லிட்டர் தண்ணியில! ரத்தத்துல சோடியம் ஏறியிருந்தது. அது இன்னும் ஏறினா வலிப்பு வரைக்கும் போகலாம். வார்டுல சேர்த்து மெதுவா சரி பண்ணாங்க. குழந்தை நல்லபடியா வீட்டுக்குப் போச்சு.

கொடுமை என்னன்னா, ஓஆர்எஸ்ல லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம், மொத்த ஆஸ்மொலாரிட்டி 245ன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பரீட்சையில அதுக்கு மார்க்கும் வாங்கியிருக்கேன். ஆனா 'ஒரு பெரிய பாக்கெட், 1 லிட்டர் தண்ணி'ங்கிற அந்த ஒரு வரியை அந்த அம்மாகிட்ட சொல்லல.

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. 1971 வங்கதேசப் போர் சமயத்துல, மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதி முகாம்ல காலரா பரவுச்சு. நரம்புல ஏத்துற சலைன் போதல. டாக்டர் திலீப் மஹாலனபிஸ் உப்பு, குளுக்கோஸ் கலந்த கரைசலை நோயாளிகளோட சொந்தக்காரங்க கையிலேயே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். சுமார் 30 சதவீதமா இருந்த இறப்பு, 4 சதவீதத்துக்கும் கீழே வந்துச்சு. அதாவது, இந்த மருந்து ஜெயிச்சதே வீட்டு ஆளுங்க கையாலதான். அவங்களுக்குப் புரியிற மாதிரி சொல்றதும் சிகிச்சையில ஒரு பாதி.

சளி, இருமலுக்கும் இதே கதைதான். நாங்க ஸ்டெத்தை வெச்சு நுரையீரல் சத்தத்தைத் தேடுவோம். ஆனா நிமோனியாவைச் சந்தேகிக்க முதல்ல வேணும்ங்கிறது ஒரு வாட்ச். குழந்தை அழாம இருக்கும்போது, முழுசா ஒரு நிமிஷம் மூச்சை எண்ணணும். 2 மாசத்திலிருந்து 1 வயசு வரைக்கும் 50, 1லிருந்து 5 வயசு வரைக்கும் 40. அதைத் தொட்டாலே வேகமான மூச்சுதான். இந்த அளவு எல்லா மாணவருக்கும் தெரியும். நெரிசலான ஓபியில முழு நிமிஷம் எண்றவங்க எத்தனை பேர்?

உங்க வீட்டுல குழந்தை இருந்தா, இதைக் குறிச்சு வெச்சுக்கோங்க:

• ஓஆர்எஸ் பாக்கெட்ல எவ்வளவு தண்ணின்னு போட்டிருக்கோ, அதே அளவு. 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் இருக்கு, படிச்சுப் பாருங்க. கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க.
• ஸ்பூன்ல கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க. வாந்தி எடுத்தா 10 நிமிஷம் விட்டு, மறுபடி மெதுவா.
• தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதீங்க. போக்கு நின்னாலும், டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் ஜிங்க் கொடுங்க.
• எதையும் குடிக்க முடியல, குடிச்சதெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் மந்தமா கிடக்குது, மலத்துல ரத்தம்: இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

டாக்டர் அவசரமா எழுதிக் கொடுத்தா, "எவ்வளவு தண்ணியில கலக்கணும்?"னு தயங்காம கேளுங்க. இப்போ நான் ஒவ்வொரு அம்மாகிட்டயும், "வீட்டுல எப்படிக் கலப்பீங்க, சொல்லுங்கம்மா"ன்னு கேட்டுட்டுதான் அனுப்புறேன். அரை நிமிஷம்தான் ஆகுது.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம். பை!