சீனத்துக்குப் போன பொதிகை

அம்பாசமுத்திரத்தில் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் சூரியன் பொதிகை மலைக்குப் பின்னால் போய் மறையும். அது எங்களுக்குக் கடிகாரம் மாதிரி. மலை கறுத்துவிட்டால் விளையாட்டை நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓட வேண்டும். பிறகு வேலை கிடைத்து 1988இல் கேரளத்துக்கு வந்தேன். விழிஞ்ஞத்தில் வீடு அமைந்தது. காலை நேரத்தில் வானம் தெளிவாக இருந்தால் வடகிழக்கே நீலமாக ஒரு மலைத்தொடர் தெரியும். பல வருடங்கள் அதை 'ஏதோ ஒரு மலை' என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். சூரியன் அந்தப் பக்கமிருந்து உதிக்கிறபோது, அதுவும் நம் பொதிகைதான், நாம் அதன் முதுகுப்புறத்துக்குக் குடிவந்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சொல்லித் தந்தவர் எங்கள் தெருக்கோடி மீனவ அண்ணாச்சி. ஒரு நாள் அவருடைய வள்ளத்தில் கொஞ்ச தூரம் போனேன். கரையில் ஒரு தேவாலயம், அதற்குப் பின்னால் ஒரு மலைமுகடு. இரண்டும் ஒரே நேரில் வந்தால் ஒரு கோடு. வேறு திசையில் அதேபோல் இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் கடலுக்கடியில் பாறை இருக்கும், அங்கே மீன் இருக்கும். கணிச்சம் என்று அதற்குப் பெயர். அப்படிக் குறி பார்த்தபோது, "அதோ அந்தக் கூர்ப்பு தெரியுதே சாரே, அதுதான் அகஸ்தியர்கூடம்" என்றார். அகஸ்தியர்கூடம் என்றால் பொதிகையின் உச்சி. 1,868 மீட்டர் உயரம். நான் பிறந்த ஊரின் மலையை நடுக்கடலில் இன்னொருவர் கையை நீட்டிக் காட்ட வேண்டியிருந்தது.

அந்த மலையைப் பற்றிய இரண்டாவது பாடம் சீனத்திலிருந்து வந்தது.

எங்கள் மகள் 2017இல் மருத்துவம் படிக்க சீனாவின் நிங்போ நகரத்துக்குப் போனாள். அவ்வளவு தூரமா என்று உறவினர்கள் கேட்காத நாளில்லை. இங்கே கட்டணம் கட்ட வழியில்லை என்பதை ஒவ்வொருவரிடமும் எப்படிச் சொல்வது? அடுத்த ஆண்டு இலையுதிர்கால விடுமுறையில் தோழிகளோடு பூத்தோ மலைக்குப் போய்விட்டு வந்து தொலைபேசியில் பேசினாள். நிங்போவிலிருந்து பஸ்; கடலின் மேல் தீவுக்குத் தீவு பாலம்; கடைசியில் சிறிது நேரப் படகு. மலை என்று பெயரே தவிர அது ஒரு தீவு, உச்சி 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவுதான். ஆனால் சீன பௌத்தர்களின் நான்கு புனித மலைகளில் அது ஒன்று. கடலைப் பார்த்து நிற்கும் குவான்யின் சிலை 33 மீட்டர் உயரம், 1997இல் அமைத்தது. பாட்டிமார்கள் ஊதுபத்திக் கட்டோடு படிக்குப் படி விழுந்து வணங்கி ஏறுகிறார்களாம். பழனி மாதிரி இருக்கு அப்பா என்றாள். கோயிலில் சைவச் சாப்பாடு கிடைத்ததில் அவளுடைய அம்மாவுக்குத்தான் அதிக சந்தோஷம்.

பிறகு சொன்னாள்: "அப்பா, இந்த மலைக்குப் பேரு எங்க இருந்து வந்துச்சு தெரியுமா? தென்னிந்தியாவுல போதலகான்னு ஒரு மலையாம். அதைத்தான் இவங்க பூத்தோன்னு சொல்றாங்க. அது எங்கப்பா இருக்கு?"

அதற்கு எனக்கு விடை தெரியவில்லை. நூலகத்தில் தேடத் தொடங்கினேன். தேடியதில் கிடைத்தவை நம் சங்கக் குடும்பங்களுக்கும் தெரிய வேண்டியவை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாம் பள்ளியில் படித்த யுவான் சுவாங் 7ஆம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் வரை வந்தார். தெற்கே மலய மலை என்று சந்தன மரங்கள் நிறைந்த ஒரு மலை இருப்பதையும், அதற்குக் கிழக்கே போதலகம் இருப்பதையும் எழுதினார். வழி கடினமானது, உச்சியில் ஓர் ஏரி, அதிலிருந்து புறப்படும் ஆறு மலையை இருபது முறை சுற்றித் தென்கடலில் விழுகிறது, கரையில் அவலோகிதேஸ்வரர் வந்து தங்கும் கல் மாளிகை. உயிரைப் பொருட்படுத்தாமல் ஏறுகிறவர்களில் போய்ச் சேர்கிறவர்கள் மிகச் சிலரே. அடிவாரத்தில் நின்று வேண்டுகிறவர்களுக்கு அவர் சில சமயம் ஈசுவரன் வடிவத்திலும், சில சமயம் திருநீறு பூசிய பாசுபதர் வடிவத்திலும் காட்சி தருகிறார் என்பதும் அவர் குறிப்பு. தாம் ஏறியதாக அவர் சொல்லவில்லை. கேள்விப்பட்டதைத்தான் எழுதியிருக்க வேண்டும். ஆனாலும் தாமிரபரணிக் கரையில் பிறந்தவனுக்கு அந்த ஆறு எது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

போதலகம் என்பது பொதியில்தான் என்று விரிவாக வாதாடியவர் ஷு ஹிகோசாகா என்ற ஜப்பானிய அறிஞர். சென்னையில் ஆசியவியல் நிறுவனத்தில் இருந்து ஆராய்ந்தவர். எல்லா அறிஞர்களும் இதை ஒப்புக்கொண்டுவிடவில்லை. ஆனால் தமிழ்ப் பக்கத்தில் ஒரு வலுவான சான்று உண்டு. 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் புத்தமித்திரர் எழுதிய வீரசோழியம், அகத்தியர் தமிழைக் கற்றுக்கொண்டதே அவலோகிதனிடம் என்கிறது. சிவபெருமான் சொல்லித் தந்தார் என்று சைவர்கள் சொல்ல, பௌத்தர்கள் இப்படிச் சொன்னார்கள். ஆசிரியர் யார் என்பதில்தான் வழக்கு. மாணவரும் மலையும் ஒன்றே.

இதில் விழிஞ்ஞத்துக்கும் பங்கு உண்டு. புறநானூற்றில் முடமோசியார் பாடிய ஆய் அண்டிரன் பொதியிலுக்குத் தலைவன். 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் தாலமி குறித்த ஆய் நாடும் பெத்திகோ மலையும் இவைதான் என்பார்கள். அந்த ஆய் குலத்தாரின் துறைமுகமாகவும் பிற்காலத் தலைநகராகவும் இருந்தது நம் விழிஞ்ஞம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள சிறிய குடைவரைக் கோயிலை உங்களில் பலர் தாண்டிப் போயிருப்பீர்கள். உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி. வெளியே இரு பக்கமும் செதுக்கி முடிக்காமல் விட்ட சிவ வடிவங்கள். 8ஆம் நூற்றாண்டு வேலை. அதே குலத்தில் வந்த விக்கிரமாதித்திய வரகுணன்தான் திருமூலபாதம் என்ற பௌத்தப் பள்ளிக்கு நிலம் கொடுத்தவன். பாலியம் செப்பேடு என்று அதற்குப் பெயர். அதன் தொடக்கத்திலேயே புத்தருக்குத் துதி இருக்கிறது. மலையும் துறைமுகமும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தன. மலையின் பெயர் கப்பலேறிப் போனதில் ஆச்சரியம் என்ன?

ஆட்களும் கப்பலேறிப் போனார்கள். 720ஐ ஒட்டிக் கடல்வழியாகச் சீனா சேர்ந்து, மந்திர நெறி பௌத்தத்தை அங்கே வேரூன்றச் செய்து, 741இல் லோயாங்கில் காலமான வச்சிரபோதி, போதலக மலைக்கு அருகே உள்ள மலய நாட்டவர் என்று சீன வரலாறு சொல்கிறது. திபெத்தில் தலாய் லாமாக்களின் அரண்மனைக்குப் பொத்தலா என்று பெயர் வந்ததும் இந்த மலையால்தான். ஜப்பானில் நடந்ததைப் படித்தபோது எனக்கு மனம் கனத்துவிட்டது. அங்கே நாச்சிக் கடற்கரையிலிருந்து துறவிகள் சிறு படகில் ஏறி, அறைக் கதவை வெளியிலிருந்து ஆணியடித்து மூடச் சொல்லி, தெற்கே இருக்கும் அந்த மலைக்கு என்று கடலில் போய்விடுவார்களாம். இங்கே நாம் தினமும் பால் வாங்கப் போகும்போது பார்க்கிற மலை.

பூத்தோவுக்கு உள்ள கதை வேறு. 9ஆம் நூற்றாண்டில் ஒரு ஜப்பானியத் துறவி குவான்யின் சிலையைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார். அந்தத் தீவுக்கருகே கப்பல் நகர மறுத்தது. தெய்வத்துக்குப் போக விருப்பமில்லை என்று அங்கேயே இறக்கி வைத்தார்கள். 'போக மறுத்த குவான்யின்' என்ற பெயரில் அங்கே ஒரு கோயிலே இருக்கிறது.

போக விருப்பமிருந்தும் போக முடியாதவர்களின் கதை எங்கள் வீட்டிலேயே நடந்தது. 2020 ஜனவரியில் விடுமுறைக்கு வந்த மகள், கொரோனாவால் சீனா கதவை மூடியதில் இங்கேயே மாட்டிக்கொண்டாள். இரண்டரை ஆண்டுக்கு மேல் எங்கள் மாடி அறையில் கணினி முன்னால் மருத்துவப் படிப்பு. நோயாளியைத் தொடாமல் என்ன மருத்துவம் என்று அவளே அழுவாள். 2022 கடைசியில் திரும்பிப் போய், 2023இல் பட்டம் வாங்கி வந்தாள். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே மருத்துவம் பார்க்க ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். முதல் முறை தேறவில்லை. முடிவு வந்த அன்று முதல் வீட்டில் பேச்சே இல்லை. ஒரு நாள் அவளே வந்து, "அந்த மலைக்குப் போலாமாப்பா?" என்றாள். 2024 பிப்ரவரியில் போனோம்.

அவள் போக முடிந்ததே சமீபத்திய மாற்றம்தான். 2018 வரை பெண்களுக்கு அனுமதி இல்லை. கேரள உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2019 ஜனவரியிலிருந்துதான் பெண்கள் ஏறுகிறார்கள். மலையில் காலங்காலமாக வாழும் காணி மக்களுக்கு இதில் மனவருத்தம் இருந்தது. அகத்தியர் அவர்களுக்குக் குலமுதல்வர் போன்றவர். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவரும் ஒரு காணிதான். மகள் அவரிடம் நேராகவே கேட்டாள்: "நான் வர்றதுல உங்களுக்கு வருத்தமா மாமா?" அவர் சிறிது நேரம் நடந்துவிட்டு, "எங்க அம்மை இருந்தா வருத்தப்பட்டிருப்பா. நீ பாத்து நட மோளே" என்றார்.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாக போணக்காடு சுமார் 60 கிலோமீட்டர். பாழடைந்த தேயிலைத் தோட்டத்தைத் தாண்டி வனத்துறைச் சாவடி. அங்கிருந்து நடை. கரமனையாறு, அட்டையாறு என்று ஓடைகளைக் கடக்க வேண்டும். அட்டையாற்றுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதைக் கால்கள் புரிந்துகொண்டன. புல்வெளியில் வெயில், அப்புறம் ஏழுமடக்கு ஏற்றம், அப்புறம் முட்டிடிச்சான் தேரி. ஏறும்போது முழங்கால் முகவாயில் இடிக்கும் என்பதால் அந்தப் பெயர். மாலையில் அதிருமலை முகாமில் கஞ்சியும் பயறும் தந்தார்கள். அது போல ஒரு கஞ்சியை நான் குடித்ததில்லை.

மறுநாள் காலை உச்சிக்கு. ஈற்றைக் காட்டுக்குள் யானைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தது. வழிகாட்டி எங்களை நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டு, பிறகே நகரச் சொன்னார். பொங்கல்பாறையை அடைந்ததும் என் முழங்கால் 'போக மறுத்த' நிலைக்கு வந்துவிட்டது. இதற்கு மேல் கயிற்றைப் பிடித்துப் பாறையில் ஏற வேண்டும். நான் உட்கார்ந்துவிட்டேன். மகள் என் முகத்தைப் பார்த்தாள். போ என்று கை காட்டினேன். குழுவோடு மேகத்துக்குள் போய் மறைந்தாள்.

என்னைப் போலவே பாதியில் உட்கார்ந்துவிட்ட பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார். தென்காசிப் பக்கம். தமிழ்நாட்டு வழி புலிகள் காப்பகத்துக்குள் போய்விட்டதால் மலையைச் சுற்றிக் கேரளத்துக்கு வந்து ஏறுகிறாராம். நெற்றி நிறைய, மார்பு நிறைய, கை நிறையத் திருநீறு. பையிலிருந்து அவலும் வெல்லமும் எடுத்துத் தந்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் யுவான் சுவாங் எழுதியது நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். "என்ன தம்பி சிரிக்கீங்க?" என்றார். சீனாக்காரர் ஒருவர் உங்களைப் பற்றி முன்பே எழுதிவைத்திருக்கிறார் என்றேன். காற்று பலமாக இருந்ததில் அவருக்குக் காது கேட்கவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து மகள் இறங்கி வந்தாள். கை சிராய்ப்பு, தலையெல்லாம் பனித்துளி. மேலே அகத்தியர் சின்னதாகத்தான் இருக்கிறாராம். பூத்தோவில் 33 மீட்டர் பார்த்தவளுக்கு அது ஆச்சரியம். தேர்வுக்காக வேண்டிக்கொண்டாயா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "ஒண்ணுமே தெரியலப்பா, ஒரே மேகம். ஒரு நிமிஷம் மட்டும் விலகுச்சு. கிழக்க ஒரு அணைத் தண்ணி பளபளன்னு. அம்மா ஊருப் பக்கம்தான் முதல்ல தெளிஞ்சுது." அன்று இரவு முகாமில் நெடுநாளைக்குப் பிறகு அவள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். நிங்போ மீன் சந்தை, அவளுக்குச் சீன மொழி சொல்லித் தந்த கிழவி, எல்லாம் வந்தன.

போக விரும்பும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்டின் தொடக்கத்தில் சில வாரங்கள் மட்டுமே வழி திறந்திருக்கும். வனத்துறையின் இணைய முன்பதிவு தொடங்கிய சிறிது நேரத்திலேயே இடங்கள் தீர்ந்துவிடும். பிளாஸ்டிக் கூடாது, பூஜைப் பொருட்களும் கூடாது. போக, வர மொத்தம் மூன்று நாட்கள். அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். முழங்காலை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகள் இரண்டாம் முறை தேர்வில் தேறினாள். அதே 2024 ஜூலையில்தான் விழிஞ்ஞம் புதிய துறைமுகத்துக்கு முதல் பெரிய சரக்குக் கப்பல், சான் பெர்னாண்டோ, சீனாவின் சியாமென் துறைமுகத்திலிருந்து வந்தது. ஊரே கரையில் கூடி நின்றது. துறைமுகத்தால் தொழிலுக்கு வரும் கஷ்டங்களைப் பற்றி மீனவ அண்ணாச்சிக்குச் சொல்ல நிறைய இருந்தது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். நான் அவரிடம் பூத்தோவைப் பற்றிச் சொன்னேன். நம் மலையின் பெயரில் அங்கே ஒரு தீவு மலை, அங்கும் மீனவர்கள்தான் என்றேன். அவர் வடகிழக்கே பார்த்தார். அன்று மழைமேகம், முகடு தெரியவில்லை.

"அங்க உள்ளவங்க அதை வச்சுக் கணிச்சம் பாப்பாங்களா சாரே?" என்று கேட்டார்.