சுண்ணாம்பு மட்டையும் தண்ணீர்த் துப்பாக்கியும்

நாகர்கோவிலில் சுவருக்கு ஓய்வே கிடையாது. ஆனி ஆடியில் தென்மேற்குச் சாரல், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை, இரண்டுக்கும் நடுவே கடற்காற்றின் ஈரம். வெயில் குறைவாகப் படும் வடக்குச் சுவரில் முதலில் பச்சை படரும். மட்டுப்பா என்னும் மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரில் மழைநீர் வழிந்த தடமெல்லாம் கரிக்கோடாக நிற்கும். அந்தக் கறுப்பையும் அழுக்கு என்றுதான் நினைப்போம். பெரும்பாலும் அதுவும் உயிருள்ள நுண்பாசிதான்.

என் சின்ன வயதில் யாரும் சுவரைக் கழுவியதாக நினைவில்லை. வெள்ளைதான் அடிப்போம். பொங்கலோ கிறிஸ்துமஸோ நெருங்கும்போது முற்றத்துக்குப் பழைய டிரம் வந்துவிடும். சிப்பி சுட்ட சுண்ணாம்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் தீயில்லாமலே தளதளவென்று கொதிக்கும். பிள்ளைகளை ஆச்சி கிட்டத்தில் விடமாட்டாள். மறுநாள் பழைய வேட்டியில் வடிகட்டி, ஒரு சிட்டிகை நீலம் சேர்ப்பார்கள். அடிக்கிறவர் கையிலும் முகத்திலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு ஏணி ஏறுவார். மட்டை இழுத்த இடம் ஈரத்தில் மங்கலாகவே தெரியும். காயக் காயத்தான் வெளுக்கும்.

அழகுக்கு மட்டும் செய்த வேலையல்ல அது. சுண்ணாம்பு நீரின் பிஎச் 12க்கு மேல். அந்தக் காரத்தில் பாசி பிழைக்காது. காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து சுண்ணாம்பு மெல்லக் கல்லாக மாறும்போது காரம் தணிந்துவிடும். அதனால்தான் வருஷா வருஷம் மட்டை எடுக்க வேண்டியிருந்தது.

இன்று பல வருட உத்தரவாதத்தோடு பெயின்ட் வருகிறது. பாசிக்கு அந்த உத்தரவாதம் தெரியாது. ஆகவே கழுவுவது தனித் தொழிலாகிவிட்டது. 10 மீட்டர் உயரத்திலுள்ள தொட்டித் தண்ணீரின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். பிரஷர் வாஷர் 100 பாருக்கும் மேலே போகும். கறுத்த சுவரில் அது வெள்ளைக்கோடு இழுப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எங்கள் வீட்டைக் கழுவ ஆள் வந்தபோது நானும் அப்படித்தான் வாய்பிளந்து நின்றேன். பழைய பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. துப்பாக்கியைக் கீழிருந்து மேலாகப் பிடித்ததில் ஓட்டு இடுக்கு வழியே தண்ணீர் ஏறி உள்ளறை நனைந்தது. சுவரின் நுண்துளைக்குள் பாசி மிச்சமிருந்தது போலும். அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் பச்சை.

அடுத்த முறை வந்தவர் துப்பாக்கி கொண்டுவரவில்லை. முதலில் சுவரோரத் துளசியையும் பிச்சிக் கொடியையும் நல்ல தண்ணீரால் நனைத்தார். பிளீச்சிங் பவுடர் கரைசலைச் சுவரில் மெதுவாகத் தெளித்து, கால் மணி நேரம் விட்டு, சாதாரண ஹோஸால் அலசினார். "பழைய ஆசிட் ஏதும் கிடந்தா இதோட சேர்த்துராதீங்க, விஷவாயு வரும்" என்று எச்சரித்தார்.

ஸ்காட்லாந்தின் சார்லஸ் டென்னன்ட் 1799இல் காப்புரிமை பெற்ற சரக்கு அந்தப் பவுடர். நீற்றிய சுண்ணாம்பில் குளோரினை ஏற்றிச் செய்வது. தெளிப்பானின் வாய் அடைக்காமலிருக்க, கரைசலை வடிகட்ட, கழுவ வந்தவர் துணி கேட்டிருந்தார். பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன். வேலை முடிந்து பார்த்தால் வேட்டியில் வெள்ளைச் சேறு தங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தேன்; சுண்ணாம்பு.