தக்காளி வந்த வழியில் ஒரு பாஷை

விடியற்காலையில் பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் நின்று, கூடை கூடையாக லாரியில் ஏறும் அந்தச் சிவந்த கனியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களில், அதற்கும் மெக்ஸிகோ தேசத்து ஆதிகுடிகளுக்கும், அவர்களை வென்று அடக்கிய ஸ்பானியருக்கும் உள்ள சம்பந்தத்தை நினைப்பவர் ஒருவரும் இருக்க மாட்டார். நினைக்க வேண்டிய அவசியமும் இல்லை, அன்றைய விலையே அவர்களுக்குப் போதுமான கவலை. ஆயினும், கல்லூரிப் பருவத்தில் ஸ்பானிஷ் பாஷையை ஆரம்ப நிலை கடந்து இடைநிலையில் படிக்கப் புகும் ஒரு தருமபுரி மாணவர், ‘மொழியும் கலாசாரமும்’ என்று பாடத்திட்டம் சொல்லுகிறதே, அந்தக் கலாசாரத்தை எங்கே தொடங்குவது என்று என்னைக் கேட்டால், காளைச் சண்டையிலும் ஃபிளமெங்கோ நடனத்திலும் வேண்டாம், இந்த மண்டியிலேயே தொடங்கலாம் என்றுதான் சொல்வேன்.

மெக்ஸிகோவின் நாவாத்ல் மொழியில் ‘தொமாத்ல்’ என்று வழங்கிய பெயர், ஸ்பானியர் நாவில் ‘தொமாத்தே’ ஆகி, அங்கிருந்து உலகமெங்கும் பரவிற்று. நாமோ அதை வாங்கிக்கொள்ளாமல், நம் மணத்தக்காளியின் உறவில் பழத்தைச் சேர்த்துக்கொண்டோம். சப்போட்டாவுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. ஸ்பானிஷ் ‘ஸபோத்தே’ என்பதன் சாயல் அதன் பெயரில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து மரவள்ளியும், மானாவாரி நிலத்து நிலக்கடலையும், சோளக்கொல்லைக்கு அடுத்து நிற்கும் மக்காச்சோளமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவையே. வந்தவற்றுக்கு ஈடாகப் போனவையும் உண்டு. அதியமானின் முன்னோர் கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்ததாக ஔவையார் புறநானூற்றில் பாடுகிறார். அந்தக் கரும்பின் இனத்தைத்தான் கொலம்பஸ் 1493-ஆம் வருஷத்து இரண்டாம் பிரயாணத்தில் புதிய உலகத்துக்குக் கொண்டுபோனான். ஸ்பானிஷில் சர்க்கரைக்கு ‘அஸூகார்’ என்று பெயர். அராபியரின் ‘சுக்கர்’ வழியாகப் போன நம் நாட்டுச் ‘சர்க்கரா’ அது. பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவு ஆலைகளுக்கு முன்னால் கரும்பு வண்டிகள் வரிசையில் நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தச் சொல் மறக்குமா? மாம்பழமோ இன்னும் நெருங்கிய சொந்தம். அவர்களுடைய ‘மாங்கோ’, போர்த்துக்கீசியர் மேற்குக் கடற்கரையில் கேட்டுக்கொண்டு போன மாங்காயே.

இடைநிலை என்பது யாது? ஐரோப்பியக் கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித் திட்டத்தில் ஏ, பி, ஸி என்று மூன்று படிகளை இரண்டிரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் பி-1, பி-2 என்பவை இடைப்படிகள். கடையில் விலை கேட்கவும் தன் பெயர் சொல்லவும் தெரிந்தவன், தன் அபிப்பிராயத்தைச் சொல்லவும், நேற்று நடந்ததைக் கதையாகக் கோக்கவும், சந்தேகத்தையும் ஆசையையும் வெளியிடவும் பழகும் பருவம் அது. டில்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகமும், ஹைதராபாத்தில் ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகமும் இதைப் பட்டப் படிப்பாகவே கற்பிக்கின்றன. ஸ்பெயின் அரசாங்கத்தின் ஸெர்வாந்தெஸ் நிறுவனத்துக்கு டில்லியில் ஒரு கிளை உண்டு, ‘தெலே’ என்னும் சான்றிதழை வழங்குவது அந்நிறுவனமே. கல்லூரியில் முதற்பகுதிப் பாடமாகத் தமிழை எடுத்துக்கொண்ட நம் மாவட்டத்து மாணவருக்கோ, சேலம் மார்க்கமாகவோ பெங்களூர் மார்க்கமாகவோ ரயிலேறுவதும், கைப்பேசித் திரையில் பாடம் கேட்பதுமே வழி. பெங்களூர்க் கம்பெனிகளில் ஸ்பானிஷ் தெரிந்தவர்க்கு உத்தியோகம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் பலர் படிக்கத் தொடங்குகிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இங்கேதான் எனக்கு ஒரு வழக்கு உண்டு. நமக்குக் கிடைக்கும் ஸ்பானிஷ் பாடப் புத்தகங்களில் பெரும்பாலானவை இங்கிலீஷ் அறிந்தவரை உத்தேசித்து எழுதப்பட்டவையாகையால், இங்கிலீஷ்காரனுக்கு எவை கடினமோ அவற்றையே கடினமென்று எச்சரித்துப் பக்கம் பக்கமாக அப்பியாசம் கொடுக்கின்றன. தமிழ் மாணவரும் அந்தப் பயத்தைக் கடன் வாங்கிக்கொண்டு, திறந்து கிடக்கும் தம் வீட்டு வாசலை விட்டுக் கொல்லைப்புறமாகச் சுற்றி நுழைகிறார்.

‘எனக்கு மாம்பழம் பிடிக்கும்’ என்பதை இங்கிலீஷில் ‘நான்’ என்று தொடங்கியாக வேண்டும். ஸ்பானிஷிலோ ‘மே கூஸ்தா எல் மாங்கோ’, அதில் ‘மே’ என்பது நம் ‘எனக்கு’ தான், பழமே எழுவாய். தலைவலியும் அப்படியே: ‘மே துவேலே லா கபேஸா’. வினை விகுதியிலேயே ஆள் தெரிந்துவிடுவதால் ‘நான்’, ‘நீ’ என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் சொல்ல வேண்டியதில்லை. ‘ஸெர்’, ‘எஸ்தார்’ என்று இரண்டு வினைகள் இருப்பதைப் புத்தகங்கள் பெரிய பூதமாகக் காட்டும். ‘அவன் டாக்டர்’ என்று வினையில்லாமல் நாம் முடிக்கும் இடத்தில் பெரும்பாலும் ‘ஸெர்’, ‘அவன் வீட்டில் இருக்கிறான்’, ‘கடை மூடியிருக்கிறது’ என்று ‘இரு’ வந்து நிற்கும் இடத்தில் பெரும்பாலும் ‘எஸ்தார்’ என்று ஒருவர் சொல்லிக் கொடுத்தால் பூதம் பாதி இளைத்துவிடும். செயப்படுபொருள் மனிதராக இருந்தால் ‘ஆ’ என்னும் ஒரு சிறு சொல் முன்னால் வர வேண்டும், சினிமாவாக இருந்தால் வேண்டாம் என்ற விதியைக் கண்டு இங்கிலீஷ்காரன் திகைப்பான். ‘படம் பார்த்தேன்’ என்று ஐயுருபு இல்லாமலும், ‘முருகனைப் பார்த்தேன்’ என்று உருபோடும் பேசி வளர்ந்தவன், உயர்திணை அஃறிணை என்று பள்ளியில் படித்தவன், அதில் திகைக்க என்ன இருக்கிறது?

இறந்தகாலம் இரண்டு வகையாக இருப்பதுதான் இடைநிலை வகுப்பின் பெரிய பரீட்சை என்பார்கள். ‘சின்ன வயதில் ஆயா கதை சொல்வாள், ஒரு நாள் பேய்க் கதை சொன்னாள்’ என்கிறோம், முன்னது உருவத்தில் எதிர்காலம், பொருளில் கழிந்துபோன வழக்கம். அந்தச் ‘சொல்வாள்’ ஸ்பானிஷில் ‘கொன்தாபா’, ‘சொன்னாள்’ என்பது ‘கொன்தோ’. எல்லா இடத்திலும் இவ்வளவு சுத்தமாகப் பொருந்தாது என்பது உண்மையே. எனினும் எந்த விளக்கமும் ஆயாவைப் போல் இவ்வளவு சீக்கிரம் புரியவைப்பதில்லை.

உச்சரிப்பிலும் அதிருஷ்டம் நம் பக்கம். இரண்டு உயிரெழுத்துக்கு நடுவே அவர்களுடைய ‘d’ எழுத்தின் தகரம் நம் ‘அது’ என்பதில் உள்ளது போல் மெலிந்துவிடும். ‘எஸ்பாஞா’ என்று தங்கள் தேசத்தின் பெயரைச் சொல்லுகையில் அவர்களுக்கு நம் ஞகரம் வேண்டும். ஒரே ஓர் இடத்தில் வழுக்கும்: ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’, நாக்கை உதறி ‘பெர்ரோ’ என்றால் ‘நாய்’. கரியையும் கறியையும் ஒன்றாகவே ஒலிக்கும் நம் தருமபுரி நாக்கு இங்கே நாகர்கோவில்காரரிடம் தோற்றுப்போகும்.

உண்மையான கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. மேசையைப் பெண்பால் என்றும் புத்தகத்தை ஆண்பால் என்றும் சாதிக்கும் பாஷை அது. உயிரில்லாத பொருளுக்குப் பால் வகுப்பதற்கு நம்மிடம் எந்த நியாயமும் கிடையாது, நெட்டுருப் போடுவதே கதி. விருப்பத்தையும் ஐயத்தையும் சொல்ல அவர்கள் தனி வினை உருவங்கள் வைத்திருக்கிறார்கள். மேடைகளில் கேட்கும் ‘வீவா’ அதில் ஒன்று, நம் வியங்கோளான ‘வாழ்க’ அதற்கு நேர். ஆனால் வியங்கோள் வாழ்த்து, வசை, வேண்டுகோள், கட்டளை ஆகியவற்றோடு நின்றுவிட, அவர்களுடைய உருவமோ ‘அவன் வந்த பிறகு சாப்பிடலாம்’ என்னும் சாதாரணப் பேச்சிலும் புகுந்துகொள்ளும். அங்கே வருஷக்கணக்கில் தடுமாறுவதே நியதி.

தடுமாறினாலும் படிக்க ஒரு நல்ல புத்தகம் வேண்டுமானால், மெக்ஸிகோ எழுத்தாளர் ஹுவான் ருல்ஃபோ 1953-இல் வெளியிட்ட சிறுகதைத் தொகுதியைச் சொல்வேன். சிறிய வாக்கியங்கள், குடியானவர் பேச்சு. அதில் ஒரு கதையில், அரசாங்கம் பட்டா கொடுத்த பொட்டல் நிலத்தின் ஊடே சிலர் நாள் முழுவதும் நடக்கிறார்கள். மேகத்திலிருந்து ஒரே ஒரு துளி விழுகிறது, மண் அதைக் குடித்துவிடுகிறது. வானம் பார்த்த பூமியில் பிறந்தவனுக்கு அகராதி குறைவாகவே தேவைப்படும் கதை அது.

கடைசியாக, நம்மிடம் உள்ள, அவர்களிடம் இல்லாத ஒன்று. ‘நாம்’ என்றாலும் ‘நாங்கள்’ என்றாலும் ஸ்பானிஷில் ஒரே ‘நொஸோத்ரோஸ்’. திரையில் பாடம் நடத்தும் மெக்ஸிகோ ஆசிரியையிடம் ஒரு மாணவர், அடுத்த மாதம் ஒகேனக்கல்லுக்குப் போகப்போகிறோம் என்று பிழையில்லாத ஸ்பானிஷில் சொல்லி முடித்தாலும், அந்தப் பரிசலில் தமக்கும் இடம் உண்டா இல்லையா என்பதை அந்த அம்மாள் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.