பார்கோடு: கோடு இலவசம், எண்ணுக்குத்தான் காசு!

வீட்டில் இட்லிப் பொடி அரைத்துத் தெரிந்தவர்களுக்குக் கொடுக்கும் வரை பார்கோடு பற்றிய கவலையே இல்லை. ‘அம்பது பாக்கெட் வைங்க, பார்கோடு இருக்குல்ல?’ என்று சூப்பர் மார்க்கெட்காரர் கேட்கும்போதுதான் தேடல் தொடங்குகிறது. இணையத்தில் இலவசமாகவே பார்கோடு தயாராகிறது. 12 இலக்கங்களைத் தட்டினால் கோடு வந்துவிடும். ஸ்கேனரில் காட்டினால் ‘பீப்’ சத்தமும் கேட்கும். அப்புறம் என்ன பிரச்சினை?

அந்த எண் யாருடையது என்பதுதான் பிரச்சினை. பாக்கெட்டில் உள்ள கோடுகள், கீழே அச்சாகியிருக்கும் 13 இலக்க எண்ணை இயந்திரம் படிக்கும்படி எழுதும் முறை, அவ்வளவுதான். பெயரோ விலையோ அதில் கிடையாது. பில் போடும் கணினி அந்த எண்ணைத் தன் பட்டியலில் தேடி விலையை எடுக்கிறது. அதே எண் ஏற்கெனவே ஒரு ஷாம்புக்கு இருந்தால், உங்கள் பொடி ஷாம்புவாகத்தான் பில்லில் விழும்!

‘பீப்’ சத்தம் இதைக் கண்டுபிடிக்காது. 13-வது இலக்கம் வெறும் கணக்குச் சரிபார்ப்பு. முதல் 12 இலக்கங்களில் இரட்டை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி மூன்றால் பெருக்கி, மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். அந்தக் கூட்டுத்தொகையைப் பத்தின் மடங்காக்கத் தேவைப்படும் எண்தான் அது. 890123456789 என்று சும்மா எழுதிப் பாருங்கள்: 34-ஐ மூன்றால் பெருக்கினால் 102, அதோடு 28 சேர்ந்தால் 130. கடைசி இலக்கம் 0. மனம்போன போக்கில் எழுதிய எண்ணையும் ஸ்கேனர் ஏற்றுக்கொள்ளும்.

முறையான எண்ணை இங்கே வழங்குவது ஜிஎஸ்1 இந்தியா. கட்டணம் உண்டு, புதுப்பிக்கவும் வேண்டும். அது தரும் எண்கள் 890-ல் தொடங்கும். ‘890 இருந்தா இந்தியத் தயாரிப்பு’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது தவறு. நிறுவனம் இங்கே பதிவானது என்று மட்டுமே அர்த்தம். 100 கிராமுக்கு ஓர் எண், 250 கிராமுக்கு வேறு எண்.

சொந்தக் கடைக்குள் மட்டும் விற்பவருக்கு இந்தச் செலவு தேவையே இல்லை. அதற்கென்றே 20 முதல் 29 வரை தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. காய்கறியை எடைபோட்டு ஒட்டும் ஸ்டிக்கரில் பார்த்திருப்பீர்கள். அதில் மட்டும் எடையையோ விலையையோ எண்ணுக்குள்ளேயே வைப்பதுண்டு.

அச்சடிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஸ்கேனரின் ஒளி பெரும்பாலும் சிவப்பு. சிவப்புக் கோடு அதற்கு வெள்ளையாகத்தான் தெரியும். மிளகாய்ப் பொடி பாக்கெட்டுக்குச் சிவப்பு அழகுதான், ஆனால் கோடு கறுப்பாக இருக்கட்டும். கோட்டின் இரு பக்கமும் வெற்றிடம் விட வேண்டும். வழக்கமான அகலம் சுமார் 37 மில்லிமீட்டர். 80 சதவீதம் வரை சுருக்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். பாக்கெட் மடிப்பிலும் போடக் கூடாது.

5,000 கவர் ஆர்டர் கொடுப்பதற்கு முன், ஒரே ஒரு மாதிரியில் பொடியை நிரப்பி, அந்த சூப்பர் மார்க்கெட் கவுன்டரிலேயே ஒருமுறை காட்டிப் பார்த்துவிடுங்கள்.